கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனைப் போற்றிய பிறகு நாம் என்ன செய்கிறோம்?

மருதத்திணை (இழையைத் தொடங்குபவர்)

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டத்தின் சார்பில் ஒரு சிறிய கூட்டம் நடத்தினோம். திருமதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அவர்களைப் பற்றி நான் முக்கால் மணி நேரம் பேசினேன். 1926-இல் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்து, வறுமைக்கு நடுவிலும் பட்டப்படிப்பு வரை படித்தவர். 1950-இல் சங்கரலிங்கம் ஜெகந்நாதனை மணந்து, அவருடன், நிலக்கிழார்களிடம் ஏழைகளுக்காக நிலத்தைத் தானமாகக் கேட்ட வினோபா பாவேயின் பூமிதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தவர். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்ட பிறகு கீழத் தஞ்சைக்கே (இன்றைய நாகப்பட்டினம், திருவாரூர் வட்டாரம்) வந்து அந்த மக்களோடு தங்கிவிட்டவர். 1981-இல் லாஃப்டி என்று எல்லோரும் அழைக்கும் உழுபவனின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கியவர். இதையெல்லாம் சொல்லி, 1989-இல் பத்மஸ்ரீ, 2008-இல் கணவரோடு சேர்ந்து பெற்ற ரைட் லைவ்லிஹுட் விருது, 2020-இல் பத்மபூஷண் என்று முடித்தேன். நல்ல கைதட்டல் கிடைத்தது.

பிறகு தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி என் அருகே வந்து, "அந்த அம்மா மொத நாள் எந்த ஆபீசுக்குப் போனாங்க சார், அங்க என்ன கேட்டாங்க?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவருடைய தியாகத்தைப் பற்றி என்னிடம் நிறைய வார்த்தைகள் இருந்தன. அவர் செய்த வேலையைப் பற்றி மிகக் குறைவாகவே இருந்தன.

வீட்டுக்கு வந்து, எனக்குத் தெரிந்தவற்றை வேறு வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். லாஃப்டி செய்தது, சுருக்கமாகச் சொன்னால், ஒரு தரகு வேலை. ஆனால் தரகுப் பணம் வாங்காத தரகு. நிலத்தை விற்க மனமிருந்த மிராசுதாரர்களையும் அதே நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு உழைத்தவர்களையும் ஒரே பாயில் உட்காரவைத்து விலை பேசுவது, அந்த விலைக்கு வங்கிக் கடன் வாங்கித் தருவது, கூட்டாகச் சாகுபடி செய்து அந்தக் கடனை அடைக்க வழி செய்வது ஆகியவைதாம் அதன் நடைமுறை. தொடக்கத்தில் வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கின. முத்திரைத்தாள் கட்டணம் ஏழைகளால் தொட முடியாத உயரத்தில் இருந்தது. அப்படியிருந்தும் 2007-ஆம் ஆண்டுக்குள் நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்கு 13,000 ஏக்கர் கைமாறியது. குடும்பத்துக்கு ஓர் ஏக்கர். நிலம் பெண்களின் பெயரில் எழுதப்பட வேண்டும் என்பதில் அந்த அம்மையார் பிடிவாதமாக இருந்தார்.

இந்த 13,000 ஏக்கரில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வில்லங்கச் சான்று, ஒரு பத்திரப்பதிவு, ஒரு பட்டா மாற்றம், ஒரு கடன் விண்ணப்பம் இருந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் வெயிலில் வரிசையில் நின்றிருப்பார். அந்த மாணவி கேட்டது இந்தப் பகுதியைத்தான் என்று நினைக்கிறேன். மனிதநேயப் பணி செய்தவர்களின் வாழ்க்கையிலிருந்து சாதாரண வேலையில் இருப்பவர்கள், ஒரு வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடியவர்கள், உண்மையில் எதை எடுத்துக்கொள்ள முடியும்? உங்கள் அனுபவத்திலிருந்து எழுதுங்கள்.

வெண்ணாற்றங்கரை

மருதத்திணை ஐயாவுக்கு வணக்கம். கேள்வி மிகச் சரியானது. ஆனால் நீங்கள் சொன்ன வரலாற்றில் ஒரு விடுபடல் இருக்கிறது. அதைச் சேர்க்காமல் மேலே பேசுவது நியாயமாக இருக்காது.

கிருஷ்ணம்மாள் அம்மையார் வந்து சேர்ந்த கீழத் தஞ்சை, யாரும் உழாத தரிசு அன்று. 1940-களிலேயே பி. சீனிவாச ராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் சேரி சேரியாகச் சென்று விவசாயத் தொழிலாளர் சங்கங்களைக் கட்டியிருந்தார்கள். பண்ணையாள்களுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த காலம் அது. அடித்தால் திருப்பி அடி என்று சொல்லிக் கொடுத்தது செங்கொடிச் சங்கம். 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அந்தப் போராட்டங்களின் அழுத்தத்தால்தான். வெண்மணியில் எரிக்கப்பட்டவர்களும் கூலியாகக் கூடுதல் நெல் கேட்டதற்காகவும், சங்கக் கொடியை இறக்க மறுத்ததற்காகவும் குறிவைக்கப்பட்டவர்களே. எரிந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த வழக்கில் முதன்மைக் குற்றவாளிகளாகக் கருதப்பட்டவர்களை உயர்நீதிமன்றம் பின்னர் விடுவித்தது.

இதை அம்மையாரின் பெருமையைக் குறைப்பதற்காகச் சொல்லவில்லை. நாம் ஒருவரைத் தனியாக எடுத்து உயரத்தில் வைக்கும்போது அவருக்கு முன்னால் தலை நிமிர்ந்த ஆயிரக்கணக்கான பெயர் தெரியாத மக்கள் படத்திலிருந்து வெளியே போய்விடுகிறார்கள். மிராசுதாரருக்கு எதிரே அதே பாயில் ஒரு கூலிக்காரர் உட்கார்ந்து விலை பேசினார் என்றால், உட்காரும் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் அந்த மாணவிக்குச் சொல்ல வேண்டும்.

பூமிதானத்தைப் பற்றியும் ஒரு சொல். 1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் ஒரு நிலக்கிழார் 100 ஏக்கர் கொடுக்க முன்வந்ததில் தொடங்கிய இயக்கம் அது. நாடு முழுவதும் 40 லட்சம் ஏக்கருக்கு மேல் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டது. அதில் கணிசமான பகுதி பாறையாகவோ, வழக்கில் சிக்கியதாகவோ, கடைசி வரை பிரித்துக் கொடுக்கப்படாததாகவோ இருந்தது. மனமாற்றத்தை மட்டும் நம்பிய இயக்கத்தின் எல்லை அதில் தெரிந்தது. அதன் பிறகே விலை, கடன், பத்திரம் என்ற வழிக்கு ஜெகந்நாதன் தம்பதியர் வந்தார்கள் என்பது என் புரிதல்.

களத்துமேடு

நான் இங்கு வழக்கமாக எழுதுபவன் அல்லன், படிப்பவன். வெண்ணாற்றங்கரைத் தோழர் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. எங்கள் குடும்பத்தில் இரண்டும் நடந்திருக்கின்றன. தாத்தா சங்கத்தில் இருந்தவர். அப்பாயியின் பெயரில் நிலம் வந்தது, ஊரை விட்டுச் சென்னைக்குப் போய்விட்ட ஒரு பண்ணைக் குடும்பத்திடமிருந்து இருபதுக்கும் மேற்பட்ட வீடுகள் சேர்ந்து கடன் வைத்து வாங்கியபோது.

ஓர் ஏக்கர் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கில் மூன்று மா. முந்நூறு குழி. அதில் யாரும் பணக்காரர் ஆகிவிட முடியாது. எங்கள் வீட்டிலும் ஆகவில்லை. ஆனால் அப்பாயி ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பச் சொல்வார். முதல் சம்பா அறுவடையின்போது களத்தில் நெல்லைத் தூற்றிக் குவித்துவிட்டு எல்லோரும் சும்மா நின்றுகொண்டிருந்தார்களாம். யார் வந்து அளக்கப் போகிறார்கள் என்று அப்பாயியும் வரப்பைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். நாற்பது வருடங்களாகக் களத்தில் அளந்தவர் கணக்கப்பிள்ளை. இவர்கள் முறத்தையோ முந்தானையையோ ஏந்தியவர்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து வயல்காரப் பெண்மணி, "ஏன் அக்கா நிக்கிற, மரக்காலை எடு" என்றாராம். மரக்காலை எடுத்து, முதல் மரக்காலை "லாபம்" என்று சொல்லித்தான் போட வேண்டும் என்ற வழக்கம் அப்பாயிக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல் வாயிலிருந்து வருவதற்குள் அழுகை வந்துவிட்டது என்பார்.

பட்டா பெண் பெயரில் இருந்ததால் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாத்தா முதலில் மனம் சுணங்கினார். பிறகு ஒரு முறை எங்கள் சித்தப்பாவின் தொழில் நொடித்தபோது நிலத்தை விற்றுவிடலாம் என்று வீட்டு ஆண்கள் எல்லோரும் முடிவு செய்து, ஆளும் பார்த்து, முன்பணம் வாங்கும் நாளும் குறித்துவிட்டார்கள். அப்பாயி கைநாட்டு வைக்க மறுத்துவிட்டார். அவரை யாரும் வற்புறுத்திப் பார்க்காமல் இல்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் திண்ணையில் படுத்துக்கிடந்தார். நிலம் இன்றும் இருக்கிறது. என் தங்கையின் செவிலியர் படிப்புக்கு அந்த நிலத்தைக் காட்டித்தான் கடன் வாங்கினோம்.

யாருடைய தியாகமும் எங்கள் வீட்டில் அன்றாடம் பேசப்பட்டதில்லை. பெண் பெயரில் எழுத வேண்டும் என்று ஒருவர் விடாப்பிடியாக இருந்தார். அந்த ஒரு வரி எங்கள் வீட்டை முப்பது வருடங்களாகக் காத்து வருகிறது.

தாம்பரம் கடைசி ரயில்

எல்லாப் பதிவுகளையும் படித்தேன். களத்துமேடு நண்பர் எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. என் தயக்கத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வீட்டுக்கடன் இருக்கிறது, நோயாளியான மாமியார் இருக்கிறார், இரவு ஒன்பதரைக்கு முன் வீட்டுக்குள் நுழைந்த நாள்கள் குறைவு. இப்படிப்பட்ட மனிதர்களின் வாழ்க்கையைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஊக்கம் வருவதைவிடக் குற்றவுணர்வே அதிகம் வருகிறது. அந்தக் குற்றவுணர்வைத் தணித்துக்கொள்ள ஏதோ ஓர் அறக்கட்டளைக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறேன். கிருஷ்ணம்மாள் அம்மையாருக்கு அவருடைய வாழ்க்கையே பணி. ஜெகந்நாதன் ஐயா வசதியான குடும்பத்தைவிட்டு வந்தவர், பலமுறை சிறை சென்றவர். நமக்கு அது இயலாது. இயலாது என்பதை ஒப்புக்கொண்ட பிறகும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

மஞ்சள் பை

தாம்பரம் அம்மாவுக்கோ ஐயாவுக்கோ வணக்கம். (யாரென்று தெரியவில்லை, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.) மிச்சம் நிறைய இருக்கிறது.

நான் அஞ்சல் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கடந்த ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை, பட்டா மாறுதல், குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பு ஆகியவைதாம் பெரும்பாலும் வரும். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால், சனிக்கிழமை எழுதினால் திங்கள்கிழமை பேருந்து ஏறிவிடலாம்.

தொடக்கத்தில் ஆட்சியர் அலுவலக வாசலிலேயே உட்கார்ந்தேன். அங்கே கட்டணம் வாங்கி மனு எழுதுபவர்கள் சிலர் இருக்கிறார்கள்; அவர்களில் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, உங்களுக்குப் பென்ஷன் வருது, எங்களுக்கு இதுதான் சோறு" என்றார். அவர் சொன்னது உண்மை. அன்றே எழுந்து வந்துவிட்டேன். அலுவலக வாசல் வரை வந்து சேர முடிந்தவர்களுக்கு எழுத அங்கே ஆள் இருக்கிறது. வந்து சேரவே முடியாதவர்கள் ஊரில் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சென்ற மாதம் வந்த ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். துணிக்கடை மஞ்சள் பை ஒன்றை மடியிலிருந்து எடுத்து என் முன் கவிழ்த்தார். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, கணவரின் இறப்புச் சான்றிதழ், பழைய வாக்காளர் அட்டை, இரண்டு மாத்திரைப் பட்டை, பேத்தியின் பள்ளிப் புகைப்படம். அவருடைய மனு மூன்று முறை நிராகரிக்கப்பட்டிருந்தது. ஏனென்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆதாரில் பெயர் "அம்மாள்" என்று முடிகிறது. குடும்ப அட்டையில் "அம்மா" என்று முடிகிறது. பிறந்த ஆண்டிலும் ஐந்து வருட வித்தியாசம். அவ்வளவுதான். மாதம் 1,200 ரூபாய் இரண்டு ஆண்டுகளாக அந்த ஓர் எழுத்தில் நின்றுபோயிருந்தது.

இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போய் முதலில் பெயர்த் திருத்தம், பிறகு புதிய விண்ணப்பம் என்று நான்கு சனிக்கிழமைகள் ஆயின. இன்னும் ஆணை வரவில்லை. ஒப்புகைச் சீட்டின் எண்ணை என் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். முப்பது நாளில் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, அந்த மனுவின் மீது எந்தத் தேதியில் யார் என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று கேட்பேன். பல நேரங்களில் அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்கு முன்பே கோப்பு நகர்ந்துவிடுகிறது.

இந்த வேலைக்குப் பெரிய அறிவு தேவையில்லை. உங்களைப் போலக் கணக்குப் பிரிவில் இருப்பவர் என்னைவிட நன்றாகச் செய்வார். இரண்டு ஆவணங்களில் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் கண் உங்களுக்குத் தொழிலிலேயே பழகியிருக்கும். தேவையானது ஒன்றுதான்: அடுத்த சனிக்கிழமையும் நாம் அங்கே இருப்போம் என்று பாட்டிக்குத் தெரிய வேண்டும். ஒரு சனிக்கிழமை நான் காய்ச்சலில் போகவில்லை. அடுத்த வாரம் நான்கு பேர், "நீங்களும் நிறுத்திட்டீங்களோன்னு நெனச்சோம்" என்றார்கள். அந்த "நீங்களும்" என்ற சொல் இன்னும் என்னை உறுத்துகிறது. எனக்கு முன் எத்தனை பேர் ஆர்வத்தோடு வந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று அதிலிருந்து தெரிந்தது.

அரூர் சாலை

மஞ்சள் பை ஐயா சொன்ன "அடுத்த வாரமும் இருப்பது" என்பதற்குத் தருமபுரி மாவட்டத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சேர்க்க விரும்புகிறேன். கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் சிட்லிங்கி என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. மருத்துவர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவி மருத்துவர் லலிதாவும் 1993-இல் அங்கே பழங்குடி நலவாழ்வுக்கான மருத்துவமனையைத் தொடங்கினார்கள். முதலில் அது ஒரு கூரைக் குடிசை. அப்போது அப்பகுதியில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்துகொண்டிருந்தன. அறுவைச் சிகிச்சை என்றால் சேலம் வரை போக வேண்டும்.

அதற்கு முன்பு அவர்கள் இருவரும் திண்டுக்கல் அருகே காந்திகிராம மருத்துவமனையில் பணியாற்றியவர்கள். கிருஷ்ணம்மாள் அம்மையாரின் படிப்புக்குத் துணை நின்ற மருத்துவர் சௌந்தரம் அம்மையார்தான் அந்தக் காந்திகிராமத்தை 1947-இல் உருவாக்கியவர். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இது எப்படிப் போகிறது என்று மருதத்திணை ஐயா யோசித்துக்கொண்டிருந்தால், இந்தத் தொடர்பையும் பார்க்கலாம்.

நான் சொல்ல வந்தது அவர்களைப் பற்றி மட்டுமன்று. அவர்கள் செய்தவற்றுள் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது, உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே நலப்பணியாளர்களாகவும் செவிலியர்களாகவும் பயிற்றுவித்ததுதான். வெளியிலிருந்து செவிலியர்கள் வந்து தங்கத் தயங்கிய மலையடிவாரம் அது. ஊரிலேயே இருக்கும் ஒரு பெண்ணுக்குச் சிசுவின் எடையைப் பார்க்கவும், வயிற்றுப்போக்கில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுக்கவும், ஆபத்தின் அறிகுறி எது என்று கண்டுகொள்ளவும் தெரிந்திருந்தால், மருத்துவருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் குழந்தை சாகாது. சிசு மரணம் அங்கே பல மடங்கு குறைந்ததற்கு இந்தப் பெண்களின் காலடிகளும் காரணம். அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியாது. பின்னாளில் அதே பள்ளத்தாக்கில் இயற்கை வேளாண் விவசாயிகள் சங்கமும், லம்பாடிப் பெண்களின் பூத்தையல் கூட்டமைப்பும் தோன்றின.

என் மனைவி ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரிபவர். பக்கத்து ஊர்ப் பெண்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கக் கற்றுக்கொடுத்து, அந்தக் கருவியையும் அவர்களிடமே விட்டுவிட்டு வந்தார். இப்போது அங்கே மாலையில் கருவியோடு ஒரு திண்ணை நிரம்புகிறது. இவர் போகாத நாளிலும் நிரம்புகிறது என்பதில் அவருக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

மருதத்திணை

எழுதிய அனைவருக்கும் நன்றி. வெண்ணாற்றங்கரைத் தோழர் சுட்டிய விடுபடல் உண்மையானது. அடுத்த கூட்டத்தில் அதையும் சேர்த்தே பேசுவேன்.

இன்னொரு பகுதியை நானும் அன்று மேடையில் சொல்லவில்லை. தோல்வியைப் பற்றியது அது. 1990-களில் நாகைக் கடற்கரையோரம் பெரிய அளவில் இறால் பண்ணைகள் வந்தன. உப்பு நீர் பக்கத்து வயல்களிலும் கிணறுகளிலும் இறங்கியது. பண்ணைக் குட்டைக்கு ஆயிரக்கணக்கில் ஆள் தேவையில்லை என்பதால் நடவுக் கூலியும் போயிற்று. அரும்பாடுபட்டு ஓர் ஏக்கர் வாங்கிய குடும்பங்களின் கண்ணெதிரே, அடுத்த வயல் குட்டையாக மாறிக்கொண்டிருந்தது. ஜெகந்நாதன் ஐயா அப்போது எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். மக்களைத் திரட்டிச் சத்தியாகிரகம் செய்ததோடு உச்சநீதிமன்றத்திலும் பொதுநல வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது: கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பாரம்பரிய முறையில் அல்லாத இறால் பண்ணைகள் இருக்கக் கூடாது, இருப்பவை அகற்றப்பட வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும்.

தீர்ப்பு வந்ததோடு எல்லாம் முடிந்தது என்று நான் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். முடியவில்லை. பண்ணைகள் உடனே அகற்றப்படவில்லை. மறுஆய்வு, காலநீட்டிப்பு என்று இழுபட்டது. கடைசியில் 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து, அந்தத் தொழிலுக்கு உரிமம் பெற்று நடக்கும் வழியைத் திறந்துவிட்டது. நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வென்றவர் தம் ஊர்க் கடற்கரையில் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. 2013 பிப்ரவரியில் அவர் மறைந்தார்.

இதை அந்த மாணவியிடம் சொல்லலாமா, மனம் உடைந்துவிடுவாளோ என்று தயங்கினேன். இப்போது சொல்ல வேண்டும் என்றே தோன்றுகிறது. 1996-க்குப் பிறகும் அந்தத் தம்பதியர் வேலையை நிறுத்தவில்லை. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை நாகையை அடித்துக்கொண்டு போனபோது கிருஷ்ணம்மாள் அம்மையாருக்கு வயது 78. அதன் பிறகும் குடிசை வீடுகளை மாற்றிச் செங்கல் வீடு கட்டித் தரும் வேலையில் அவர் இறங்கினார். கீற்றுக் கூரை எவ்வளவு எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதை வெண்மணிக்குப் பிறகு அந்த வட்டாரத்தில் யாரும் மறந்துவிடவில்லை.

அவர் வள்ளலாரிடம் ஆழ்ந்த பற்றுக் கொண்டவர் என்பதையும் இங்கே சேர்க்கிறேன். வடலூர்ச் சத்திய தருமச்சாலையில் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. சிறு வயதில் அப்பாவோடு போயிருந்தபோது அந்த அடுப்பைப் பார்த்தேன். என் நினைவில் நிற்பது தீ அன்று. பக்கத்தில் அடுக்கியிருந்த விறகும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த ஒருவரின் கையும்தான்.

தாம்பரம் கடைசி ரயில்

மஞ்சள் பை ஐயா, நான் பெண்தான். அம்மா என்றே அழைக்கலாம். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் துப்புரவுப் பணியாளர்கள் வசிக்கும் ஒரு தெரு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை என்னால் இரண்டு மணி நேரம் வர முடியும். மனு எழுதுவதற்கு நான் முதலில் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

மஞ்சள் பை

அம்மா, முதல் ஞாயிறு எதையும் எழுத வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். வருபவர்களின் ஆதாரையும் குடும்ப அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, கதவு எண் ஆகிய நான்கும் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஒத்துப்போகாதவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அட்டைகளின் நகலையோ எண்ணையோ நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் முன்னாலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "வாங்கித் தருகிறேன்" என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். "எழுதித் தருகிறேன், கூட வருகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரக் கூடாது என்பதை ஒவ்வொருவரிடமும் இரண்டு முறை சொல்லுங்கள். மீதி தானாக வரும்.

தாம்பரம் கடைசி ரயில்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

முதல் ஞாயிறு இரண்டே பேர் வந்தார்கள். நான் ஏதோ கட்சியிலிருந்து வந்திருப்பதாக நினைத்திருக்கிறார்கள். இரண்டாம் வாரம் ஏழு பேர். அவர்களில் ஐந்து பேருக்குக் கதவு எண் ஒத்துப்போகவில்லை. தெருவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் புதிய எண்கள் கொடுத்திருக்கிறார்கள். சிலருக்குப் பழைய எண், சிலருக்குப் புதிய எண், ஒருவருக்கு இரண்டும் சேர்ந்து சாய்கோட்டோடு. ஐந்து பேருக்கும் ஒரே சிக்கல் என்பதால் தனித்தனியாக எழுதாமல், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் வரிசையாகக் காட்டும் ஒரு பட்டியலைத் தயாரித்து எல்லா மனுக்களோடும் இணைத்தேன். என் அலுவலகத்தில் கணக்கு ஒத்துப்பார்ப்பதற்கு நான் அன்றாடம் போடும் அதே கட்டங்கள்தான்.

நேற்று மூன்றாம் வாரம். அந்த ஐந்து மனுக்களையும் எழுதி முடித்தேன். ஒன்றில் நானே பிறந்த ஆண்டைத் தவறாக எழுதிவிட்டேன். வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தப் பெண்மணி இரவுப் பணிக்குக் கிளம்பிவிட்டதால் சொல்ல முடியவில்லை. இன்று காலை ரயிலுக்கு முன்பே அவர் வீட்டுக்குப் போய் மனுவைத் திரும்ப வாங்கி, புதிதாக எழுதிக் கொடுத்தேன். அவர் கையிலிருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் ஸ்டாம்ப் பேடில் பெருவிரலை அழுத்தி மறுபடியும் கைநாட்டு வைத்தார். திங்கள்கிழமை அவருக்கு விடுப்பு கிடைக்காது என்பதால் பக்கத்து வீட்டுப் பெண் ஐந்து பேரின் மனுக்களையும் எடுத்துக்கொண்டு போகிறார். ஒப்புகைச் சீட்டு ஐந்தும் வாங்கி வர வேண்டும் என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.